பைத்தான்ல கடைசி நம்பர் மட்டும் மாறுற அப்டேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் புரோகிராமிங் மொழில 3.13.4, 3.13.5ன்னு கடைசி நம்பர் மட்டும் மாறி வர்ற ரிலீஸ் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு பதில் இங்க இருக்கு. நிறைய பேர் இந்த அப்டேட்டை கண்டுக்கவே மாட்டாங்க, இன்னும் சில பேர் தொட்டா எல்லாம் உடைஞ்சிடும்னு வருஷக்கணக்கா அப்படியே வெச்சிருப்பாங்க. உள்ள என்ன மாறுது, யாரு எதைப் பார்த்துக்கணும்னு தெரிஞ்சா ரெண்டுக்குமே தேவை இருக்காது.

இந்த மூணு நம்பர்ல எது என்ன?

3.13.5ல முதல்ல இருக்கற 3 மேஜர் வெர்ஷன். நடுவுல இருக்கற 13 வருஷத்துக்கு ஒரு தடவை அக்டோபர்ல வர்ற ஃபீச்சர் ரிலீஸ், புது சின்டாக்ஸ், புது மாட்யூல், பழசைத் தூக்கறது எல்லாம் அதுலதான் நடக்கும். கடைசி 5 தான் மெயின்டனன்ஸ், அதாவது ஏற்கனவே வெளிய போன 3.13ல கண்டுபிடிச்ச பக், செக்யூரிட்டி ஓட்டை இதையெல்லாம் சரி பண்ணி அனுப்பற ரிலீஸ். வெளிய பேசும்போது இதை மைனர் அப்டேட்னு சொல்லுவாங்க, ஆனா பைத்தான் டாக்குமென்டேஷன்ல மைனர்னு போட்டிருந்தா அது நடு நம்பரைத்தான் சொல்லுது, மூணாவதுக்கு மைக்ரோன்னு பேர் வெச்சிருக்காங்க, படிக்கும்போது குழம்பிடாதீங்க.

அந்த ஃபிக்ஸ் எல்லாம் எப்படி உள்ள வருது?

பைத்தானோட சோர்ஸ் கோடு வெர்ஷனுக்கு ஒரு கிளையா இருக்கும். பக்கை முதல்ல மெயின் கிளைல, அதாவது அடுத்த வருஷம் வரப்போற வெர்ஷன்ல சரி பண்ணுவாங்க. அது பழைய வெர்ஷன்லயும் இருக்கற பக்னா லேபிள் ஒட்டினதும் ஒரு பாட் (தானா வேலை செய்யற புரோகிராம்) அந்த மாற்றத்தை பழைய கிளைக்கு பேக்போர்ட் பண்ணி, அதாவது பழைய வெர்ஷனுக்கும் எடுத்து அனுப்பும், டெஸ்ட் எல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் அங்கயும் சேரும். புது ஃபீச்சரா இருந்தா பேக்போர்ட் கிடையாது. எது போகலாம் எது போகக்கூடாதுன்னு கடைசி வார்த்தை அந்த வெர்ஷனோட ரிலீஸ் மேனேஜரோடது. 3.8, 3.9க்கு லூகாஷ் லாங்கா, 3.10, 3.11க்கு பாப்லோ காலின்டோ சல்காடோ, 3.12, 3.13க்கு தாமஸ் வவுட்டர்ஸ்.

அப்ப புது வசதி எதுவுமே வராதா?

விதிப்படி வராது. ஆனா செக்யூரிட்டின்னு வந்துட்டா விதியைத் தளர்த்துவாங்க. பெரிய உதாரணம் 2014 டிசம்பர்ல வந்த 2.7.9. நம்பரைப் பார்த்தா சாதாரண பராமரிப்பு ரிலீஸ், உள்ள பார்த்தா பைத்தான் 3ல இருந்த பாதுகாப்பான கனெக்ஷனுக்கான எஸ்எஸ்எல் மாட்யூலோட பெரும்பகுதி, கூடவே பேக்கேஜ் நிறுவற கருவியான பிப்பை நிறுவித் தர்ற என்ஷூர்பிப், அதுக்கும் மேல எச்டிடிபிஎஸ் கனெக்ஷன்ல சர்டிஃபிகேட் சரியான்னு தானாவே செக் பண்ற பழக்கம். அதுக்கு முன்னாடி வரைக்கும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி வழியா ஒரு எச்டிடிபிஎஸ் முகவரியைத் திறந்தா எதிர்ல இருக்கறது நெஜமாவே அந்த சர்வர்தானான்னு பார்க்காமலே டேட்டாவை அனுப்பிட்டிருந்துச்சு. மாத்தினதும் சுயமா கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் வெச்சிருந்த உள் சர்வர் பக்கம் போன ஸ்கிரிப்ட் எல்லாம் எரர் அடிச்சு நின்னுடுச்சு. என்னைக் கேட்டா அது சரியான முடிவுதான், ஏன்னா அந்த ஸ்கிரிப்ட் எல்லாம் அதுவரைக்கும் பாதுகாப்பா ஓடறதா நினைச்சுட்டு ஓடினதுதான்.

என் கோடு உடையுமா உடையாதா, நேரா சொல்லுங்க.

பெரும்பாலும் உடையாது. உடைஞ்சா அது ரெண்டு காரணத்துல ஒண்ணா இருக்கும். ஒண்ணு, பாதுகாப்புக்காக வேணும்னே ஒரு பழைய நடத்தையை மாத்தியிருப்பாங்க. இன்னொண்ணு, ஃபிக்ஸ் பண்ணப் போய் வேற இடத்துல புதுசா பக் வந்திருக்கும். ரெண்டாவது வகை அடுத்த ரிலீஸ்ல சரியாயிடும், முதல் வகை திரும்பி வராது, நீங்கதான் கோடை மாத்தணும். அதனாலதான் அப்டேட் குறிப்புல செக்யூரிட்டி பகுதியை மட்டுமாவது படிங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கறேன், நம்ம கோடு மேல கை வைக்கற மாற்றம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

அந்த மாதிரி வேணும்னே மாத்தினதுக்கு உதாரணம் இருக்கா?

நிறைய இருக்கு. 2021 பிப்ரவரில 3.9.2, 3.8.8 எல்லாம் வந்தப்ப யூஆர்எல் குவெரியைப் பிரிக்கற பார்ஸ்-க்யூஎஸ் ஃபங்ஷன் மாறுச்சு. முன்னாடி ஆம்பர்சண்ட் குறியையும் பிரிப்பானா எடுத்துக்கும், அரைப்புள்ளியையும் எடுத்துக்கும். பக்கங்களோட நகலை வெச்சு வேகமா கொடுக்க நடுவுல இருக்கற கேஷ் சர்வர் அரைப்புள்ளியை சாதாரண எழுத்துன்னு நினைக்குது, பைத்தான் அதே இடத்துல வெட்டுதுன்னா ரெண்டு பேரும் ஒரே யூஆர்எல்லை வேற வேறயா படிக்கறாங்க, அந்த இடைவெளியை வெச்சு கேஷ்ல தப்பான பக்கத்தை ஏத்தி மத்தவங்களுக்குப் போக வைக்கலாம். அதனால இப்ப ஆம்பர்சண்ட் மட்டும்தான், வேற பிரிப்பான் வேணும்னா செபரேட்டர்னு தனியா கொடுக்கணும். அரைப்புள்ளி வெச்சு லிங்க் உருவாக்கின பழைய சிஸ்டம் வெச்சிருந்தவங்களுக்கு எரர்கூட வரல, பாதி பாராமீட்டர் சத்தமில்லாம காணாம போச்சு, இந்த வகைதான் கண்டுபிடிக்க ரொம்ப கஷ்டம்.

அதே 2021ல ஐபிஅட்ரஸ் மாட்யூல். 3.9.5லயும் 3.8.12லயும் இருந்து 192.168.010.001 மாதிரி முன்னாடி சைபர் வெச்ச முகவரியை ஏத்துக்காது, எரர்தான். ஏன்னா பல சிஸ்டம் 010ஐ எட்டடிமான எண்ணா எடுத்து 8ன்னு படிக்கும், பைத்தான் 10ன்னு படிச்சுட்டிருந்துச்சு, ஒரு முகவரியைத் தடுத்துட்டோம்னு நினைச்சா கனெக்ஷன் வேற முகவரிக்குப் போகும். லாக் ஃபைல்ல மூணு இலக்கமா சைபர் நிரப்பி எழுதற உபகரணங்கள் இருக்கு, அந்த லாக்கை அப்படியே இந்த மாட்யூல்கிட்ட கொடுத்தவங்க அப்டேட்டுக்கப்புறம் திண்டாடினாங்க. அதே மாட்யூல்ல 3.12.4லயும் எது தனிப்பட்ட முகவரி, எது பொது முகவரின்னு சொல்ற பட்டியல்ல சில தவறுகளைத் திருத்தினாங்க, அதை வெச்சு ஃபயர்வால் மாதிரி ஏதாவது எழுதியிருந்தா டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கோங்க.

பெரிய எண்ணை பிரிண்ட் பண்ணா 4300 டிஜிட்ஸ்னு எரர் வருதே, இது எப்ப வந்துச்சு?

2022 செப்டம்பர்ல. 3.10.7, 3.9.14, 3.8.14, 3.7.14ன்னு நாலு கிளைலயும் ஒண்ணா வந்துச்சு. பைத்தான்ல முழு எண்ணுக்கு அளவு வரம்பு கிடையாது, அது இப்பவும் அப்படித்தான். ஆனா அந்த எண் மெமரில பைனரியா இருக்கு, அதை பத்தடிமான எழுத்தா மாத்தறதுக்கும், எழுத்துல இருந்து எண்ணா மாத்தறதுக்கும் ஆகற நேரம் இலக்கத்தோட வர்க்கமா கூடும். நீளம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு. அஞ்சு லட்சம் இலக்கம் உள்ள ஒரு ஸ்ட்ரிங்கை எண்ணா மாத்தறதுக்கு வேகமான பிராசஸர்லயே ஒரு விநாடிக்கு மேல ஆகலாம்னு டாக்குமென்டேஷனே சொல்லுது. இப்ப யோசிச்சுப் பாருங்க, உங்க சர்வர் ஜேசான் வாங்குது, எவனோ ஒருத்தன் ஒரு ஃபீல்டுல லட்சக்கணக்கான இலக்கத்தை வெச்சு அனுப்பறான், அந்த மாதிரி கொஞ்சம் ரிக்வெஸ்ட் வந்தாலே சர்வர் வேற வேலை பார்க்க முடியாது. இந்தக் குறைக்கு சிவிஇ-2020-10735ன்னு நம்பர் (சிவிஇங்கறது வெளிய தெரிஞ்ச செக்யூரிட்டி ஓட்டைகளோட பொதுப் பட்டியல்). நம்பர்ல இருக்கற வருஷத்தைப் பாருங்க, 2020ல பதிவானது 2022லதான் வெளிய சரியாச்சு.

அதனால 4300 இலக்கத்துக்கு மேல போனா வேல்யூ எரர் வரும். 1000 ஃபேக்டோரியலுக்கு 2568 இலக்கம், அது தப்பிச்சுடும், 2000 ஃபேக்டோரியலுக்கு 5736 இலக்கம், அதை பிரிண்ட் பண்ணா மாட்டிக்கும். கவனிங்க, கணக்கு போடறதுல எந்தத் தடையும் இல்ல, 2000 ஃபேக்டோரியலைக் கண்டுபிடிச்சு அதை வெச்சு இன்னும் பெருக்கலாம் வகுக்கலாம், எழுத்தா மாத்தற அந்த இடத்துலதான் கதவு சாத்தியிருக்கு. பதினாறடிமானம், எட்டடிமானம், பைனரி இதுக்கெல்லாம் வரம்பு கிடையாது, ஏன்னா அந்த மாற்றம் நேர்கோட்டுலதான் நேரம் எடுக்கும்.

நான் கணித ஆராய்ச்சி பண்றேன், எனக்கு பெரிய எண் வேணும், என்ன பண்றது?

சிஸ் மாட்யூல்ல இந்த வரம்பை மாத்தறதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு, செட்-இன்ட்-மேக்ஸ்-ஸ்டர்-டிஜிட்ஸ்னு தேடினா கிடைக்கும். அதுக்கு 0 கொடுத்தா வரம்பே இல்ல. என்விரான்மென்ட் வேரியபிள் வழியாவும் மாத்தலாம். உங்க சொந்த மெஷின்ல, உங்க சொந்த எண்ணை வெச்சு ஓட்டற புரோகிராம்னா தாராளமா எடுத்துடுங்க. வெளியாட்கள் டேட்டா அனுப்பற சர்வர்ல மட்டும் தயவுசெஞ்சு 0 போடாதீங்க, உங்களுக்குத் தேவையான அளவு எவ்வளவோ அதை மட்டும் கொடுங்க. லைப்ரரி எழுதறவங்க இம்போர்ட் பண்ணும்போதே இந்த வரம்பை மாத்தற வேலையை செய்யக்கூடாது, அது உங்க லைப்ரரியைப் பயன்படுத்தறவங்களோட முழு புரோகிராமையும் பாதிக்கும்.

டார்ஃபைல்ல ஃபில்டர்னு ஒரு ஆப்ஷன் சில மெஷின்ல இருக்கு, சில மெஷின்ல இல்ல. ரெண்டுமே 3.11தான். ஏன்?

ஒண்ணு 3.11.4க்கு முன்னாடி, இன்னொண்ணு அப்புறம். பராமரிப்பு ரிலீஸ்ல புது வசதி வந்த இன்னொரு கதை இது. டார்ஃபைல் மாட்யூல் டார் ஃபைலை, அதாவது பல ஃபைலை ஒண்ணா கட்டின ஆர்கைவைப் பிரிக்கறதுக்கானது. டார் ஃபைலுக்குள்ள இருக்கற ஃபைல் பேர்ல ரெண்டு புள்ளி சாய்வுக்கோடு வெச்சு மேல மேல ஏறி, நீங்க பிரிக்கச் சொன்ன ஃபோல்டருக்கு வெளிய போய் எழுதலாம். இதுக்கு சிவிஇ-2007-4559ன்னு நம்பர், அதாவது 2007லயே தெரியும். நம்பாத ஆர்கைவை பிரிக்காதீங்கன்னு டாக்குமென்டேஷன்ல எச்சரிக்கை மட்டும் பல வருஷம் இருந்துச்சு. அப்புறம் பெப் 706ன்னு ஒரு பைத்தான் மாற்ற முன்மொழிவு வந்து ஃபில்டர்னு ஒரு வழி கொடுத்துச்சு, அதுல டேட்டான்னு ஒரு வகை இருக்கு, அது வெளிய எழுதற ஃபைல், வெளிய காட்டற லிங்க், டிவைஸ் ஃபைல் இதையெல்லாம் மறுத்துடும். அதை 3.11.4, 3.10.12, 3.9.17, 3.8.17க்கும் பேக்போர்ட் பண்ணாங்க.

இதுல அவங்க நடந்துகிட்ட முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய கிளைல ஆப்ஷனை மட்டும் கொடுத்தாங்க, தானா நடக்கற நடத்தையைத் தொடல, யார் கோடும் உடையல. 3.12ல ஃபில்டர் சொல்லாம பிரிச்சா டெப்ரிகேஷன் வார்னிங் (இந்தப் பழைய வழி மாறப் போகுதுங்கற எச்சரிக்கை) வந்துச்சு. 3.14லதான் டேட்டா ஃபில்டர் தானாவே வர்ற நடத்தை ஆச்சு. உங்க கோடு எந்த வெர்ஷன்ல ஓடினாலும் இன்னைக்கே ஃபில்டருக்கு டேட்டான்னு எழுதிடுங்க, 3.14க்குப் போகும்போது ஒரு வேலை குறையும்.

கோடுல வெர்ஷன் நம்பரைப் பார்த்து முடிவு பண்ணலாமா?

இந்த மாதிரி பேக்போர்ட் ஆன வசதிக்கு வேண்டாம். 3.11.4ஆ, 3.10.12ஆ, 3.9.17ஆன்னு ஒவ்வொரு கிளைக்கும் தனி நிபந்தனை எழுதினா அசிங்கமா இருக்கும், அதுபோக லினக்ஸ் விநியோகங்கள் நம்பரை மாத்தாமலே ஃபிக்ஸை உள்ள போட்டிருக்கும் (அதைக் கீழ சொல்றேன்). டார்ஃபைல் மாட்யூல்ல டேட்டா-ஃபில்டர்னு ஒரு பேர் இருக்கான்னு ஹேஸ்-ஆட்டர் வெச்சு கேளுங்க, இருந்தா பயன்படுத்துங்க, இல்லேன்னா பிரிக்கவே மறுத்துடுங்க. டாக்குமென்டேஷனும் இதையேதான் சொல்லுது. வெர்ஷனைத்தான் பார்த்தாகணும்னா வெர்ஷன்-இன்ஃபோல இருக்கற எண்களை ஒப்பிடுங்க, ஸ்ட்ரிங்கை ஒப்பிடாதீங்க, ஸ்ட்ரிங்கா பார்த்தா 3.9.10 வந்து 3.9.9ஐ விட சின்னதுன்னு வரும்.

பராமரிப்பு அப்டேட்டே தப்பா வந்தது உண்டா?

உண்டு. 2021 ஏப்ரல் 2ஆம் தேதி 3.9.3 வந்துச்சு, ஏப்ரல் 4ஆம் தேதியே 3.9.4 வந்துடுச்சு. ரிகர்ஷன் எரர் சம்பந்தப்பட்ட ஒரு பக்கை சரி பண்ணும்போது த்ரெட் நிலையை வெச்சிருக்கற உள் ஸ்ட்ரக்சரோட அளவு மாறிடுச்சு. 3.9.0ல இருந்து 3.9.2 வரைக்கும் உள்ள ஹெடரை வெச்சு கம்பைல் பண்ணின சி எக்ஸ்டென்ஷன் (சி மொழில எழுதின துணை மாட்யூல்) எல்லாம் பழைய அளவையே நம்பிட்டிருந்ததால 32 பிட் சிஸ்டத்துல கிராஷ் ஆச்சு. ஒரே கிளைக்குள்ள பைனரி ஒத்துப்போகணும்ங்கறது பைத்தான் கொடுக்கற வாக்கு, அது மீறப்பட்டதால அந்த ஃபிக்ஸையே திரும்ப எடுத்துட்டு 3.9.4ஐ வெளியிட்டாங்க.

இன்னொண்ணு 2025 ஜூன்ல. 3ஆம் தேதி 3.13.4, 11ஆம் தேதி 3.13.5. விண்டோஸ் இன்ஸ்டாலரோட வந்த ஒரு ஹெடர் ஃபைல் மாறிப் போனதால எக்ஸ்டென்ஷன் பில்டு பண்றவங்களுக்குப் பிரச்சனை, லூப் பண்ண முடியாத ஒண்ணை வெச்சு ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் எழுதினா உடனே வர வேண்டிய டைப் எரர் வராம போனது, ரேண்டம் மாட்யூல்ல கெட்-ராண்ட்-பிட்ஸ் ஃபங்ஷனுக்கு நம்பைங்கற கணித லைப்ரரியோட எண்ணைக் கொடுத்தா மறுத்தது, இந்த மூணையும் சரி பண்ணத்தான் 3.13.5. இதுல சிக்கல் என்னன்னா 3.13.4ல டார்ஃபைல் ஃபில்டரையே ஏமாத்தற புது ஓட்டைகளுக்கு ஃபிக்ஸும் இருந்துச்சு, அதனால 3.13.4 வேண்டாம்னு 3.13.3லயே உக்கார்ந்திருக்கவும் முடியாது. எட்டு நாள்ல திருத்தி அனுப்பினதால பெரும்பாலானவங்களுக்கு வலி தெரியல.

அப்ப வந்த அன்னைக்கே போடணுமா, பொறுக்கலாமா?

குறிப்புல செக்யூரிட்டி பகுதி இருக்கு, அதுல நீங்க வெளியாள் டேட்டா மேல பயன்படுத்தற மாட்யூல் இருக்குன்னா அன்னைக்கே டெஸ்ட் சர்வர்ல போட்டு, டெஸ்ட் பாஸ் ஆனதும் அனுப்பிடுங்க. அப்படி எதுவும் இல்லேன்னா ஒரு வாரம் பத்து நாள் பொறுக்கறதுல தப்பில்ல, மேல சொன்ன ரெண்டு சம்பவத்துலயும் திருத்தம் அதுக்குள்ள வந்துடுச்சு. ஆறு மாசம் பொறுக்கறது வேற கதை, அதுக்கு சரியான காரணம் சொல்ற ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல. தள்ளிப் போடப் போட நாலஞ்சு ரிலீஸ் மாற்றம் ஒண்ணா வந்து விழும், எது உடைச்சுதுன்னு தேடறதே ஒரு வேலையாயிடும்.

என் புரோகிராம் இன்டர்நெட் பக்கமே போகாது. எனக்கும் வேணுமா?

வெளிய இருந்து வந்த ஃபைலைத் திறக்குதான்னு பாருங்க. ஜிப், டார், எக்ஸ்எம்எல், சிஎஸ்வி, மெயில் பெட்டி ஏதோ ஒண்ணு, யாரோ உருவாக்கினதை நீங்க படிக்கறீங்கன்னா உங்களுக்கும் இது பொருந்தும். அதுவும் இல்லேன்னாலும் மெமரி லீக், கிராஷ், தப்பான விடை இதுக்கான ஃபிக்ஸ் எல்லாம் இதே ரிலீஸ்லதான் வருது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், எவ்வளவு வருஷம் வரும்?

பக் ஃபிக்ஸ் காலத்துல சுமார் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. 3.12 வரைக்கும் இந்தக் காலம் ஒன்றரை வருஷம்தான், 3.13ல இருந்து ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் செக்யூரிட்டி ஃபிக்ஸ் மட்டும், மொத்தம் அஞ்சு வருஷம் ஆனதும் முடிஞ்சுது. 3.8 2024 அக்டோபர்ல முடிஞ்சுது, 3.9 2025 அக்டோபர்ல. 3.12க்கு 2028 அக்டோபர் வரைக்கும் இருக்கு, 3.13க்கு 2029 அக்டோபர் வரைக்கும்.

3.11.9க்கு இன்ஸ்டாலர் இருக்கு, 3.11.10க்கு காணோமே?

செக்யூரிட்டி காலத்துக்குள்ள போனா விண்டோஸ், மேக் இன்ஸ்டாலர் போட மாட்டாங்க, சோர்ஸ் மட்டும்தான் வரும். 3.9க்கு கடைசி இன்ஸ்டாலர் 3.9.13, 3.10க்கு 3.10.11, 3.11க்கு 3.11.9, 3.12க்கு 3.12.10. இது தெரியாம நிறைய விண்டோஸ் மெஷின் 3.10.11லயே நிக்குது, அதுதான் கடைசி அப்டேட்னு நம்பிட்டிருக்காங்க, ஆனா அதுக்கப்புறமும் 3.10ல செக்யூரிட்டி ஃபிக்ஸ் வந்திருக்கு. இதுல இன்னொரு கவலை, அந்த இன்ஸ்டாலருக்குள்ள ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட் எல்லாம் கூடவே வருது, இன்ஸ்டாலர் நின்னுட்டா அதுவும் பழசாவே இருக்கும். விண்டோஸ்ல சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ண ஆசை இல்லேன்னா இன்ஸ்டாலர் நின்ன அன்னைக்கே அடுத்த ஃபீச்சர் வெர்ஷனுக்கு மாற ஆரம்பிச்சிடுங்க.

என் டெபியன் சர்வர்ல 3.11.2ன்னுதான் காட்டுது. ரொம்பப் பழசாச்சே?

நம்பர் பழசு, உள்ள இருக்கறது அவ்வளவு பழசு இல்ல. லினக்ஸ் விநியோகமான டெபியன் 12 வெளிவந்தப்ப 3.11.2 இருந்துச்சு, அவங்க கொள்கைப்படி அந்த நம்பரை மாத்தாம செக்யூரிட்டி ஃபிக்ஸை மட்டும் எடுத்து அதுமேல ஒட்டுவாங்க. உபுண்டு 24.04ல 3.12.3ன்னு காட்டறதும் இப்படித்தான். பைத்தானைக் கேட்டா தெரியாது, பேக்கேஜ் மேனேஜரைக் கேட்டு பேக்கேஜோட முழு வெர்ஷனைப் பாருங்க, கடைசில இருக்கற ஒட்டு எண் கூடியிருக்கும், பேக்கேஜோட சேஞ்ச்லாக்ல எந்த சிவிஇ சரியாச்சுன்னும் போட்டிருக்கும். ஆடிட் பண்ண வர்றவங்க ஸ்கேனர்ல வெர்ஷன் நம்பரை மட்டும் பார்த்துட்டு ஓட்டைன்னு சொன்னா இதைக் காட்டுங்க. அதை விட்டுட்டு சிஸ்டத்தோட வந்த பைத்தானை நீங்களே மாத்தாதீங்க, அந்த சிஸ்டத்தோட எத்தனையோ கருவி அதை நம்பி ஓடுது. புதுசு வேணும்னா தனி இடத்துல நிறுவிக்கோங்க.

அப்டேட் பண்ணா பிப் வெச்சு போட்ட பேக்கேஜ் எல்லாம் திரும்பப் போடணுமா?

வேண்டாம். 3.12.3க்கு கம்பைல் ஆன பேக்கேஜ் 3.12.10லயும் ஓடும், பிப் இறக்கற வீல் ஃபைல் பேர்லயே 312ன்னுதான் இருக்கும், மூணாவது நம்பர் அதுல வராது. நடு நம்பர் மாறினாத்தான் எல்லாத்தையும் புதுசா போடணும்.

வர்ச்சுவல் என்விரான்மென்ட் (வென்வ், புராஜெக்ட்டுக்கு ஒண்ணா தனியா வெக்கற பைத்தான் சூழல்) என்ன ஆகும்?

அடியில இருக்கற பைத்தான் அதே ஃபோல்டர்ல அப்டேட் ஆச்சுன்னா தொந்தரவு இல்ல, லினக்ஸ்ல அது சிம்லிங்க்தான் (ஒரிஜினல் ஃபைலைக் காட்டற குறுக்குவழி), தானா புதுசைப் பிடிச்சுக்கும். பைஎன்வ் மாதிரி ஒவ்வொரு வெர்ஷனையும் தனித்தனி ஃபோல்டர்ல வெக்கற கருவி பயன்படுத்தினா கதை மாறும், உங்க வென்வ் பழைய 3.12.3 ஃபோல்டரையே காட்டிட்டு இருக்கும், புதுசு போட்டாச்சுன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க, புரோகிராம் பழசுலயே ஓடும். பழைய ஃபோல்டரை அழிச்சா வென்வே உடைஞ்சுடும். வென்வை ஆக்டிவேட் பண்ணி வெர்ஷன் கேட்டுப் பாருங்க, பழசைக் காட்டினா அழிச்சுட்டு ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல இருந்து புதுசா உருவாக்கறதுதான் சுத்தமான வழி.

டாக்கர் இமேஜ்ல 3.12ன்னு போடறதா, 3.12.4ன்னு முழுசா போடறதா?

டாக்கர் இமேஜ்னா புரோகிராமும் அது ஓட வேண்டியதும் சேர்ந்த ஒரு பொட்டலம். 3.12ன்னு போட்டா அந்த டேக் எப்பவும் கடைசி பராமரிப்பு ரிலீஸைக் காட்டும், ஆனா உங்க மெஷின்ல ஏற்கனவே இறங்கின பழைய இமேஜ் இருந்தா பில்டு பண்ணும்போது அதையேதான் எடுக்கும், புல் பண்ணச் சொன்னாத்தான் புதுசு வரும். முழுசா போட்டா யார் பில்டு பண்ணாலும் ஒரே பைத்தான்தான் கிடைக்கும், ஆனா யாராவது ஞாபகமா மாத்தணும். நான் சொல்றது, தானா புல் ரிக்வெஸ்ட் போடற பாட் ஒண்ணை வெச்சுட்டு முழு நம்பரைப் போடுங்க, ஒவ்வொரு அப்டேட்டும் உங்க டெஸ்டைத் தாண்டித்தான் உள்ள வரும். பாட் வெக்க முடியாதுன்னா 3.12ன்னு போட்டுட்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுசா பில்டு பண்ணுங்க. முழு நம்பரைப் போட்டுட்டு மறந்துடறதுதான் ரெண்டையும் விட மோசம். இன்னொண்ணு, சிஐ, அதாவது தானா டெஸ்ட் ஓட்டற சிஸ்டத்தோட கான்ஃபிக் யாமல் ஃபைல்ல வெர்ஷனை மேற்கோள் குறிக்குள்ள எழுதுங்க, இல்லேன்னா 3.10ஐ தசம எண்ணா எடுத்து 3.1ன்னு படிச்சிடும்.

சேஞ்ச்லாக் நூத்துக்கணக்கான வரி இருக்கே, எதைப் படிக்கறது?

முதல்ல செக்யூரிட்டி, முழுசா. அப்புறம் லைப்ரரி பகுதில உங்க இம்போர்ட் பட்டியல்ல இருக்கற மாட்யூல் பேரை மட்டும் தேடுங்க. கோர் அண்ட் பில்டின்ஸ்ல பெரும்பாலும் அரிதா வர்ற கிராஷ் ஃபிக்ஸ்தான், ஒரு பார்வை போதும். சி எக்ஸ்டென்ஷன் எழுதறவங்க மட்டும் சி ஏபிஐயையும் பில்டையும் படிங்க. டெஸ்ட்ஸ், டாக்குமென்டேஷன், ஐடில் (பைத்தானோட கூடவே வர்ற எடிட்டர்) பகுதியைத் தாண்டிடலாம். ஒவ்வொரு வரிலயும் ஒரு இஷ்யூ நம்பர் இருக்கும், 2022 ஏப்ரலுக்கு முன்னாடி பதிவானது பழைய டிராக்கரோட நம்பர், அப்புறம் வந்தது கிட்ஹப் நம்பர், புரியலேன்னா அதைத் திறந்தா ஏன் மாத்தினாங்கன்னு விவாதமே இருக்கும். நிறைய பேருக்குத் தெரியாத ஒரு குறுக்கு வழி, அந்த ஃபீச்சர் வெர்ஷனோட வாட்ஸ் நியூ பக்கத்துக்கு அடியில நோட்டபிள் சேஞ்சஸ்னு தலைப்பு போட்டு, பராமரிப்பு ரிலீஸ்ல நடத்தை மாறினது மட்டும் தனியா இருக்கும். மேல சொன்ன 3.12.4 ஐபிஅட்ரஸ் மாற்றம் எல்லாம் அங்க இருக்கு.

மத்த மொழிகள்லயும் இப்படித்தானா?

பெரும்பாலும். 2024 ஏப்ரல்ல ரஸ்ட் 1.77.2 வந்தது விண்டோஸ்ல பேட்ச் ஃபைலுக்குக் கொடுக்கற ஆர்கியுமென்ட்டை சரியா எஸ்கேப் பண்ணாத ஒரே ஓட்டைக்காக, அதுலயும் பாதுகாப்பா எஸ்கேப் பண்ண முடியலேன்னா எரர் கொடுக்கற மாதிரி நடத்தை மாறுச்சு. ஜாவால ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு காலாண்டுக்கு ஒரு அப்டேட், 2021 ஏப்ரல் அப்டேட்ல டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் அணைச்சாங்க, பழைய டேட்டாபேஸ் சர்வரோட பேசிட்டிருந்த அப்ளிகேஷன் எல்லாம் கனெக்ட் ஆகாம நின்னுச்சு.

3.12.10ல இருந்து 3.13க்குப் போறதும் இவ்வளவு சுலபமா?

இல்ல, அது வேற வேலை. 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸ் போச்சு, 3.13ல சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட்னு 19 மாட்யூலை எடுத்துட்டாங்க. அதுக்குத் தனியா நாள் ஒதுக்கி, டெப்ரிகேஷன் வார்னிங்கை எல்லாம் எரரா மாத்தி டெஸ்ட் ஓட்டி, ஒவ்வொரு பேக்கேஜும் புது வெர்ஷனுக்கு வீல் கொடுத்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் போகணும். அதுக்கு முன்னாடி இருக்கற கிளையோட கடைசி பராமரிப்பு ரிலீஸுக்கு வந்துடுங்க, எது பழைய பக், எது புது வெர்ஷனால வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்க வசதியா இருக்கும்.